நாலு கட்டை ரீல்

குழலுக்கு எண்ணெய் போடும் நாளில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. நியூ ஜெர்சியில் குளிர் தொடங்கி வீட்டில் ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் மரம் காய்கிறது. ரொம்பக் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் ஒரு குச்சியில் துணியைச் சுற்றி, பாதாம் எண்ணெயில் தொட்டு, மூன்று துண்டுகளின் உள்ளேயும் விட்டுத் துடைத்து, டைனிங் டேபிளில் பேப்பர் விரித்து வைத்துவிடுவேன். எண்ணெய் ஊறும்வரை வாசிக்கக் கூடாது. அதுவரை அடுப்படிக்கும் டேபிளுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். கறுப்பு மரம், ஆறு துளை, அவ்வளவுதான். இதன் பணக்காரச் சொந்தங்களில் வெள்ளிச் சாவிகள் வரிசையாக இருக்கும். ஒன்றை அமுக்கினால் இடைப்பட்ட ஸ்வரம் சுத்தமாக வந்துவிடும். இதில் சாவியே கிடையாது. இடைப்பட்ட ஸ்வரம் வேண்டுமென்றால் பாதித் துளையை மூடி, பாதியைத் திறந்து, விரலால்தான் வரவழைக்க வேண்டும். அப்போது என் முகம் கோணுகிறது என்று என் கணவர் சொல்வார். கோணட்டும், எனக்கென்ன.

இதை எனக்குக் கொடுத்தவர் என் சம்பந்தியம்மா. என் மகள் கட்டிக்கொண்டது ஐரிஷ் வம்சத்துப் பையனை. அவனுடைய அம்மா பள்ளிக்கூட நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவரை இழந்தபின் வெஸ்ட் வின்ட்சரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். கல்யாண ரிசப்ஷனில் நாங்கள் வைத்துக்கொடுத்த மாம்பழ நிறப் பட்டுப்புடவையோடு, நான் குத்திவிட்ட ஊக்குகள் எல்லாம் தெறிக்கிற மாதிரி காலைத் தட்டித் தட்டி வயலின் வாசித்தார். சேலத்திலிருந்து வந்திருந்த என் பெரியப்பா வீட்டுக் கூட்டம் பந்திக்குப் போகாமல் நின்று பார்த்தது. வாசித்து முடித்து வியர்வையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், "உன் பொண்ணு எனக்கு மருமகள். சரி, நீ எனக்கு யார்? எங்கள் பாஷையில் அதற்கு ஒரு வார்த்தையும் இல்லையே" என்று கேட்டார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் ஞாபகத்தில் தமிழாகத்தான் கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன். சம்பந்தி என்று சொல்லிக் கொடுத்தேன். "சம்-பண்டி" என்றார். மாட்டு வண்டி போல இருந்தது. அதற்குப் பிறகு கடைசிவரை அப்படித்தான் சொன்னார், நானும் திருத்தவில்லை.

நான் பள்ளி நாளில் மூங்கில் குழல் கற்றவள் என்பதை என் மகள்தான் அவரிடம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கல்யாணமாகி, நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஊருக்கு வந்து, மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த மூங்கில் அலமாரியில் எந்தப் போர்வைக்கு அடியில் கிடந்தது என்பதே எனக்குத் தெரியாது. தலை தீபாவளிக்குப் பையனோடு அவரும் வந்தார். அன்றைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் யாருக்குக் கொடுப்பது என்பதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. நேராக என்னிடம் வந்து, ஒரு ஃபிளானல் துணியில் சுற்றிய இந்தக் குழலை நீட்டினார். அவருடைய கணவர் வாசித்தது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து சீர் வாங்கிய மாமியார் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாங்கலாமா கூடாதா என்று என் கணவரைப் பார்த்தேன். அவர் முறுக்கைக் கடித்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு பாரின் பின்னறையில் அவரும் அவருடைய வாத்தியக்கார நண்பர்களும் கூடுவார்கள், அதற்கு செஷன் என்று பெயர். ஒரு நீள மேஜை, அதைச் சுற்றி வயலின், குழல், தகர விசில், ஒரு பாஞ்சோ. மேடை கிடையாது, யாரும் நமக்காக வாசிப்பதில்லை. ஒருவர் ஒரு ரீலைத் தொடங்கினால் தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். ரீல் என்றால் ஓட்டமாக ஓடும் ஒரு நடனப் பாட்டு. சேலத்தில் யாராவது ஃபோன் செய்தால் பாருக்குப் போகிறேன் என்று சொல்ல முடியுமா? பஜனைக்குப் போவதாகச் சொல்வேன். என் கணவர் மகளிடம் அதைவிடச் சுலபமாக முடித்துவிடுவார்: "செவ்வாய்க்கிழமை ஆனா உங்க அம்மா ரீல் விடப் போயிடுவாங்க."

முதல் நாளே மானம் போனது. குழல் டி சுருதி என்றார்கள். டி என்றால் நம் கணக்கில் ரெண்டு கட்டை, ஹார்மோனியத்தின் இரண்டாவது வெள்ளைக் கட்டை. நான் பழக்கப்படி மேலே இரண்டு துளையை மூடி ஷட்ஜம் பிடித்தேன். அவர்களுக்கோ ஆறு துளையையும் மூடினால்தான் டி. எல்லோரும் டிரென்டன் ரயிலில் ஏற, நான் மட்டும் நியூயார்க் ரயிலில் ஏறி உட்கார்ந்த கதை. மேஜை மொத்தமும் கோணல் முகத்தோடு என்னைப் பார்த்தது. சம்பந்தியம்மா மட்டும் வில்லை நிறுத்தாமல், "ஓடு ஓடு, எங்கேயாவது வந்து சேர்வாய்" என்றார். இன்னொரு தொல்லை, என் விரல்கள் எந்த ஸ்வரத்திலும் சும்மா நிற்காது. சேலத்துப் பழக்கம், ஒவ்வொன்றையும் வளைத்து ஆட்டிவிட்டுத்தான் விடும். "அதைக் குலுக்காதே, அது தூங்கட்டும்" என்பார். அறையில் இருந்த அத்தனை பேரிடமும் என்னை "இது என் சம்-பண்டி" என்றுதான் அறிமுகம் செய்தார். அவர்களில் பாதிப் பேர் அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டு கடைசிவரை அப்படியே கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் எங்கள் வீட்டுச் சமையலறையில், எங்கள் ஊரில் குழந்தைகள் எப்படித் தொடங்குவார்கள் என்று கேட்டார். ஸரளி வரிசையை வாசித்துக் காட்டினேன், மாயாமாளவகௌளை. காபியைக் கீழே வைத்துவிட்டார். "மறுபடி" என்றார். மறுபடி வாசித்தேன். அந்த ராகத்தில் வரும் சின்ன ரிஷபமும் சின்ன தைவதமும் இந்தக் குழலில் பாதித் துளையில் விழுகிறவை. எங்கள் ஊர் எட்டு வயசுக் குழந்தைக்கு அதுதான் முதல் பாடம். அவர்களுக்கோ அவை இரண்டும் பி ஃபிளாட்டும் எஃப்பும். சாவியில்லாத குழல்காரர்கள் பயந்து ஒதுங்குகிற இடம். எஃப் சுருதியில் ஒரு ரீல் வந்தால் தன் கணவர் குழலை மடியில் வைத்துவிட்டு பியரை எடுத்துவிடுவார் என்றும், அதனாலேயே அந்த ரீல்களைத் தான் வாசிப்பதை விட்டுவிட்டதாகவும் சொன்னார். "எஃப்புன்னா நாலு கட்டை. அதுக்கு வேற குழல் வாங்கிடலாமே? நாங்க சுருதி மாறினா குழலை மாத்திடுவோம்" என்றேன். சிரித்தார். "மாத்தாதே. இதிலேயே வை" என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து தயிரை எடுத்துக்கொண்டே, "அம்மா, வி ஆர் ஸெபரேட்டிங். ப்ளீஸ், டோன்ட் மேக் இட் அ பிக் திங்" என்றாள். கிளம்பியது அவன்தான். ஏன் என்று கேட்டால் அவளும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. அழக்கூட விடவில்லை என்னை; அவள் அழாதபோது நான் எப்படி அழுவது? என் மகளுக்காக வயிறு எரிந்தது என்பது உண்மை. ஆனால் அந்த எரிச்சலுக்கு நடுவில், வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், செவ்வாய்க்கிழமை என்ன ஆகும் என்றும் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. முன்னாள் கணவன் உண்டு, முன்னாள் மனைவி உண்டு. முன்னாள் சம்பந்தி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? பிள்ளைகள் பிரிந்தால் அந்த வார்த்தை எங்கே போகிறது? என் கணவருக்கு இதில் குழப்பமே இல்லை. "இனிமே அவங்க நமக்கு என்ன? மரியாதையா அந்தப் பக்கம் போகாம இரு" என்றார். போனேன்.

சம்பந்தியம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டினார், சிரிக்கவில்லை. வில்லை எடுத்து எஃப்பில் ஒரு ரீலைத் தொடங்கினார். முடித்ததும் இன்னொன்று, அதுவும் எஃப். அதற்குப் பிறகு ஜி மைனர், அது இன்னும் இடக்கு. மேஜை முழுக்கக் கருவிகள் மடிக்கு இறங்கின. என் பக்கத்தில் இருந்த விசில்காரர், தீயணைப்பில் வேலை பார்த்தவர், என் காதில் குனிந்து, "வயலின்காரங்களுக்குக் குழல் தொல்லை வேண்டாம்னா இப்படித்தான் அந்தச் சுருதிக்குப் போயிடுவாங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முகம் பற்றிக்கொண்டது. அடுத்த வாரமும் அதேதான், அதற்கடுத்த வாரமும் அதேதான்.

எனக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டது. சம்பந்தி கோபம். எங்கள் ஊரில் அதைப் பார்க்காத கல்யாணம் உண்டா? காபியில் சர்க்கரை குறைந்தால், வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் நிற்காவிட்டால், மாப்பிள்ளையின் அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். தட்டைத் தள்ளி வைப்பார், முகத்தைத் திருப்புவார். பெண்ணைப் பெற்றவர்கள்தான் என்ன குறை என்று தேடிக்கொண்டு ஓட வேண்டும். அத்தனை வருஷம் அமெரிக்காவில் சம்பாதித்த எனக்கும் அந்தப் பயம் எலும்பில் இருந்திருக்கிறது. விட்டுப் போனது அவர் மகன், கோபப்பட வேண்டியவள் நான், ஆனால் நான் உட்கார்ந்து என்ன குறை வைத்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதை நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. மதிய இடைவேளையில் ஆய்வுக்கூடத்தின் பார்க்கிங் லாட்டில், காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த ரீல்களைப் பழகினேன். மெதுவாக வாசித்தால் பாதித் துளை எனக்கு அத்துப்படி. ரீல் ஓடும் ஓட்டத்தில் நடுவிரல் பாதியில் நிற்பதற்குள் அடுத்த ஸ்வரம் வந்து முதுகில் மோதும். நின்றால் குலுங்கும், குலுங்கினால் நாறும். பழகினேன். வீம்புதான், வேறென்ன. ஆனால் பழகியதை அந்த மேஜையில் வாசிக்கவில்லை. போ என்கிற இடத்தில் திறமையைக் காட்டி என்ன ஆகப் போகிறது?

கடைசியில் முறைப்படி முடித்துவிடலாம் என்று தோன்றியது. கல்யாணம் முறிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதானே வழக்கம். நகை அவர்கள் பக்கத்திலிருந்து எங்களுக்கு வந்ததில்லை. வந்தது இந்தக் குழல்தான். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் ஃபிளானல் துணியோடு குழல். வெறும் கையோடு திருப்பித் தரக் கூடாது என்பதும் வழக்கம்தான். தட்டைப் பக்கத்து ஸீட்டில் வைத்து, அது சரியாமல் இருக்க ஸீட் பெல்ட்டையும் போட்டு, ரூட் ஒன்னில் வெஸ்ட் வின்ட்சர் வரை ஓட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு சிக்னலுக்கும் அது மாறிக்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்தவர் தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இன்றைக்கு என்ன பண்டிகை?" என்றார். அதைக் கேட்டதும் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. உறவு முடிந்தால் கொடுத்தது திரும்பிப் போகும் என்று எப்படியோ உளறி முடித்தேன். அவர் உள்ளே போனார். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அந்த மாம்பழ நிறப் புடவை, டிரை கிளீனிங் பிளாஸ்டிக் உறையோடு.

"அப்படியானால் இதை நான் கொடுத்துவிட வேண்டுமா?" என்றார்.

நீட்டவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டார். பள்ளிக்கூட நர்ஸாக எத்தனையோ அழுத பிள்ளைகளைப் பார்த்தவர், அன்று அவர் முகம் அந்தப் பிள்ளைகளில் ஒன்றைப் போல இருந்தது. வேண்டாம், அது உங்களுக்குக் கொடுத்தது என்றேன். "இதுவும் உனக்குக் கொடுத்தது" என்றார், தட்டைக் காட்டி. அவ்வளவுதான் அவருடைய வாதம். எனக்கு அதுவரை அடக்கியது எல்லாம் பொங்கிவிட்டது. பிறகு ஏன் வாராவாரம் எஃப்பில் வாசித்து என்னை விரட்டினீர்கள் என்று வாசலிலேயே கேட்டேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை.

"உன்னையா? மற்றவர்களை" என்றார். "அங்கே போய் உட்கார்ந்தால் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். எஃப்பில் போனால் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், நீ மட்டும் வருவாய் என்று நினைத்தேன். உன் சமையலறையில் அந்த இரண்டு ஸ்வரமும் தண்ணீர் மாதிரி வந்ததே. நீ குழலைத் தொடவே இல்லை. என் மகன் செய்ததற்கு என்னை வெறுக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்."

அன்று அவர் சொன்னது உண்மையா, ரீலா என்று இப்போதும் நான் யோசிப்பதுண்டு. தட்டோடு வந்து நின்ற ஒரு பைத்தியத்தின் முகத்தைப் பார்த்து, அந்த நிமிஷத்தில் கட்டிய கதையாகவும் இருக்கலாம். எஃப்பில் தொடங்கிய முதல் வாரம் அவர் சிரிக்கவே இல்லையே. இருந்தும், அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் எஃப்பில் தொடங்கியபோது நான் குழலை எடுத்தேன். மேஜையில் மற்ற எல்லோரும் நிறுத்தினார்கள். இரண்டாவது சுற்றில் பி ஃபிளாட்டில் வழுக்கி விழுந்தேன், மூன்றாவதில் ஏறிக்கொண்டேன். ஒரு இடத்தில் என் தைவதம் பழக்க தோஷத்தில் கொஞ்சம் வளைந்தது. அவர் வில்லை வளைத்து அதையே திருப்பி வாசித்தார். அன்று யாரும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் அப்படி ஓடின. பின்பு அவருக்கு முழங்கால் படியேற மறுத்தது; டெக்ஸஸின் பிளானோவில் இருக்கும் அவருடைய மகள் வந்து வீட்டை விற்று அழைத்துக்கொண்டு போய்விட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் ஃபோன் செய்வார். சேர்ந்து வாசித்துப் பார்த்தோம், முடியவில்லை. டெக்ஸஸில் அவர் வில் போட்டது இங்கே வந்து சேர்வதற்குள் நான் அடுத்த வரிக்குப் போயிருப்பேன். அதனால் பேச்சுதான். அங்கே எல்லோரும் டோல்வே நெடுஞ்சாலையில் பறப்பதாகவும், செஷனில் பையன்கள் டியைத் தாண்டுவதே இல்லையென்றும் குறைப்படுவார். நான் எஃப் வாசித்தேனா என்று கேட்காமல் வைக்க மாட்டார். இங்கே அந்தப் பின்னறையில் அவருடைய நாற்காலியில் இப்போது பாஞ்சோக்காரர் கோட்டைப் போடுகிறார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இந்த வருஷம் என் மகள் ஒருவனைக் கூட்டிவந்தாள். எடிசனில் இருக்கும் தமிழ்க் குடும்பம், நல்ல பையன், சாம்பாரில் முருங்கைக்காயை ஒழுங்காகச் சாப்பிடத் தெரிந்தவன். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. அவளுடைய முதல் கல்யாணம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை யாரும் வாயால் சொல்ல மாட்டோம் என்பதுதான் இரண்டு பக்கமும் பேசாமல் செய்துகொண்ட ஏற்பாடு. பிளானோவுக்கு நான்தான் சொன்னேன். சந்தோஷம் என்றார், மனசாரத்தான் சொன்னார். பிறகு, "அப்படியானால் உனக்குப் புது சம்-பண்டி. இனிமேல் நான் உனக்கு யார்?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரா என்பது தெரியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

போன சனிக்கிழமை எடிசன்காரர்கள் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காலையிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, அதனால்தான் குழலுக்கு எண்ணெய் போட உட்கார்ந்தேன், உட்கார்ந்திருக்கக் கூடாது. அவர்கள் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பேப்பரையும் மூன்று துண்டுகளையும் டேபிளின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கேசரியை வைத்தேன். என் கணவர் அடுப்படிக்கே வந்து, "அது என்னன்னு கேட்டா ஆன்லைன்ல வாங்கினதுன்னு சொல்லு. பழைய கதை எதுக்கு?" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார். வந்திருந்த அம்மா கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, நான் பயந்தபடியே, ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாஞ்சையான மனுஷி, கபடம் இல்லாத முகம்.

"புல்லாங்குழலா? மரத்துல இருக்கு. ரொம்ப நல்லா இருக்குங்க, எங்க வாங்கினீங்க?"

"அது வந்து, ஆன்லைன்ல..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"சம்பந்தி கொடுத்தது" என்றேன்.

அந்த அம்மா துண்டைக் கீழே வைத்தார். தன் கணவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நிஜமாகவே சங்கடப்பட்டு, மெதுவாகச் சொன்னார்:

"நாங்க இன்னும் ஒண்ணுமே கொடுக்கலையே."

டேபிளில் எல்லோருடைய ஸ்பூனும் நின்றது. எண்ணெய் இன்னும் ஊறியிருக்கவில்லை. நான் மூன்று துண்டுகளையும் துடைத்துப் பொருத்தினேன், நாலு கட்டையில் ஆரம்பித்தேன்.